திரும்பி வராத இணைப்புகள்



இணையச் செயலியை நடத்திக் காக்கும் வேலையில் இருப்பவர்கள் ஒரு பிழைச் செய்தியை என்றேனும் ஒருநாள் பார்த்திருப்பீர்கள். ஜாவாவில் ஹிகாரிசிபி என்ற நூலகம் அதை, இணைப்பு கிடைக்கவில்லை, 30,000 மில்லி விநாடி காத்திருந்தும் பயனில்லை என்ற பொருளில் எழுதும். பைத்தானின் எஸ்க்யூஎல்ஆல்கெமி, ஐந்து இணைப்பும் அதற்கு மேல் அனுமதித்த பத்தும் தீர்ந்துவிட்டன என்று சொல்லும். டாட்நெட்டில், பூலிலிருந்து இணைப்பு பெறுவதற்குள் காலக்கெடு முடிந்துவிட்டது என்று வரும். மொழி எதுவானாலும் சேதி ஒன்றுதான். தரவுத்தளத்தோடு பேச ஓர் இணைப்பு கேட்டு ஒருவர் வந்தார், வரிசையில் நின்றார், வெறுங்கையோடு திரும்பினார். அந்தச் செய்தியின் அடியில் ஸ்டாக் ட்ரேஸ் நீளமாக இருக்கும். அதில் வெறுங்கையோடு திரும்பியவரின் பெயர், ஊர், விலாசம் எல்லாம் இருக்கும். இணைப்பை எடுத்துக்கொண்டு போய்த் திருப்பித் தராதவரைப் பற்றி ஒரு சொல்கூட இருக்காது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இந்தப் பிழைக்கு அது அப்படியே பொருந்தும். ஆனாலும் பெரும்பாலான குழுக்கள் அந்த ட்ரேஸில் உள்ள வரியைத் திறந்து வைத்துக்கொண்டு, அங்கே என்ன தவறு என்று நாள்கணக்கில் தேடுகின்றன. அங்கே தவறு எதுவும் இல்லை. இன்று நான் சொல்ல வந்தது இதுதான்: இணைப்புக் கசிவை, பிழை வெடித்த இடத்தில் தேடக்கூடாது, கடன் கொடுத்த இடத்தில் தேட வேண்டும். கடன் கொடுத்த நேரத்திலேயே குறித்து வைக்காதவருக்கு அது கிடைக்காது. பூலின் அளவைக் கூட்டுவதும் சர்வரை ரீஸ்டார்ட் செய்வதும் அந்தக் குறிப்பை அழிக்கும் செயல்களே.

பூல் எதற்கு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தரவுத்தளத்துக்கு ஒரு புதிய இணைப்பைத் திறப்பது எளிய வேலை இல்லை. நெட்வொர்க்கில் கைகுலுக்க வேண்டும், மறையாக்கம் பேச வேண்டும், கடவுச்சொல் சரிபார்க்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தனி பிராசஸ் பிறக்கிறது. பத்து மில்லி விநாடியில் முடியும் ஒரு கேள்விக்காக ஒவ்வொரு முறையும் இத்தனையையும் செய்வது வீண். எனவே சில இணைப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு, கேட்பவருக்குக் கொடுத்து வாங்கிக்கொள்கிறோம். நம் ஊர்களில் ஒரு காலத்தில் தெருவுக்கு ஒன்று இருந்த வாடகை சைக்கிள் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடையில் பத்து சைக்கிள். எடுத்துப் போகிறவர் வேலை முடிந்ததும் கொண்டுவந்து நிறுத்திவிட வேண்டும். கடைக்காரர் ஒரு நோட்டில் யார், எந்த சைக்கிள், எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொள்வார். அந்த நோட்டு இல்லாவிட்டால், மாலையில் சைக்கிள் குறைந்திருப்பது தெரியும். யாரிடம் கேட்பது என்பது தெரியாது. நம் பூல்களில் பெரும்பாலானவை நோட்டு இல்லாத கடைகள். இங்கே பெயரிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. நிரலில் இணைப்பின்மேல் ‘க்ளோஸ்’ என்று அழைக்கிறோம். பூலில் இருந்து வந்த இணைப்புக்கு அதன் பொருள் மூடுவது இல்லை, திருப்பிக் கொடுப்பது. மூடிவிட்டால் மறுபடி திறக்கச் செலவாகுமே என்று எண்ணி, க்ளோஸ் அழைக்காமல் வைத்துக்கொள்ளும் நிரலர்கள் உண்டு. சிக்கனம் என்று நினைத்துச் செய்வது நேர்மாறாக முடிகிறது.

கசிவு ஏன் இத்தனை நாள் மறைந்திருந்து திடீரென்று கொல்கிறது என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும். ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி ஒன்று உண்டு: விநாடிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை, ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்பதால் பெருக்கினால், சராசரியாக ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை கிடைக்கும். உங்கள் தளத்துக்கு விநாடிக்கு 100 கோரிக்கைகள் வருகின்றன, ஒவ்வொன்றும் இணைப்பை 20 மில்லி விநாடி வைத்திருக்கிறது என்று கொள்வோம். 100-ஐ 0.02-ஆல் பெருக்கினால் இரண்டு. அதாவது பத்து இணைப்புள்ள பூலில் சராசரியாக இரண்டுதான் வேலையில் இருக்கின்றன. இப்போது ஒரு லட்சம் கோரிக்கைகளில் ஒன்று மட்டும் இணைப்பைத் திருப்பித் தராமல் போகிறது என்று வையுங்கள். 1,000 விநாடிக்கு ஓர் இணைப்பு போகும். ஏறத்தாழ 17 நிமிடத்துக்கு ஒன்று. ஏழு இணைப்புகள் தொலைந்த பிறகும் மூன்று மீதி இருக்கும். தேவை இரண்டுதான், எனவே பயனர் எவருக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. எட்டாவது போனதும் மீதி இரண்டு, தேவையும் இரண்டு. அந்த நொடியிலிருந்து வரிசை நீள்கிறது, பிறகு சுருங்குவதே இல்லை. முக்கால் பங்குச் சொத்து களவு போகும்வரை வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது, அதன் பிறகு ஒரே அடியாக இருட்டு. நேற்று மாலை என்ன மாற்றினீர்கள் என்று கேட்டுத் தேடுவது இதனால்தான் பல முறை தோற்கிறது. கசிவு இதைவிட அரிதாக நடந்தால், அது போன மாதம் எழுதிய நிரலில் இருக்கலாம். இடையில் நடந்த ஒவ்வொரு புதுப்பதிப்பும் சர்வரைத் திரும்பத் தொடங்கிவைத்து, தெரியாமலேயே கணக்கைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்திருக்கும். விடுமுறையில் யாரும் எதையும் வெளியிடாத வாரத்தில் தளம் விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கசிவின் வடிவம் எப்படிப்பட்டது என்பதற்கு அச்சில் வந்துள்ள மிகச் சிறந்த சான்று மைக்கேல் நைகார்ட் 2007-இல் வெளியிட்ட ‘ரிலீஸ் இட்!’ என்ற நூலில் இருக்கிறது. அவர் பெயர் குறிப்பிடாத ஒரு விமான நிறுவனத்தில், விமானத் தேடலுக்கான மையச் சேவை ஒன்று இருந்தது. விமான நிலையங்களில் பயணிகள் தாங்களே பதிவு செய்துகொள்ளும் இயந்திரங்களும் தொலைபேசியில் தானாகப் பதில் சொல்லும் அமைப்பும் அதை நம்பியிருந்தன. ஓர் இரவு, பராமரிப்புக்காகத் தரவுத்தளத்தை ஓர் இயந்திரத்திலிருந்து இன்னோர் இயந்திரத்துக்கு மாற்றினார்கள். திட்டமிட்ட வேலை, முன்பும் செய்தது, தடங்கல் இல்லாமல் முடிந்ததாகவே தெரிந்தது. சில மணி நேரம் கழித்துப் பயணப் பதிவு இயந்திரங்கள் எல்லாம் ஒன்றாக நின்றன. சேவை திரும்பச் சுமார் மூன்று மணி நேரம் ஆனது; அதன் விளைவாக விமானங்களின் கால அட்டவணை அதற்கு மேலும் குலைந்தது. அந்த இயந்திரங்களின் சர்வர்களில் எடுத்த த்ரெட் டம்பில், எல்லா த்ரெட்களும் மையச் சேவையின் பதிலுக்காகக் காத்து நின்றன. மையச் சேவையின் டம்பில், எல்லா த்ரெட்களும் பூலிலிருந்து ஓர் இணைப்புக்காகக் காத்து நின்றன. தரவுத்தளமோ நலமாக, வேலையே இல்லாமல் இருந்தது.

குற்றம் எங்கே இருந்தது தெரியுமா? பார்ப்பதற்கு மிக ஒழுங்காக எழுதப்பட்ட ஃபைனலி பகுதியில். முதலில் ஸ்டேட்மென்ட் இருந்தால் அதை க்ளோஸ் செய், பிறகு இணைப்பு இருந்தால் அதை க்ளோஸ் செய் என்று இரண்டு வரிசையான கட்டளைகள். நிரல் மதிப்பாய்வில் எவரும் தலையசைத்து அனுமதிக்கக்கூடிய நிரல். ஆனால் ஸ்டேட்மென்ட்டை க்ளோஸ் செய்யும் செயலும் எக்ஸெப்ஷன் எறியலாம் என்று ஜேடிபிசி வரையறை சொல்கிறது. தரவுத்தளம் இடம் மாறிய பிறகு, பூலில் இருந்த பழைய இணைப்புகளின் மறுமுனையில் யாரும் இல்லை. கேள்வி அனுப்பும்போது பிழை வந்தது, ஃபைனலிக்குள் போனது, ஸ்டேட்மென்ட்டை மூடப் போனபோது அங்கேயும் பிழை வந்தது, அடுத்த வரி ஓடவே இல்லை. அடுத்த வரிதான் இணைப்பைத் திருப்பித் தரும் வரி. ஒவ்வொரு தோல்வியும் ஓர் இணைப்பை விழுங்கியது. நைகார்ட் இந்த நிகழ்விலிருந்து எடுக்கும் பாடம், ஒரு சேவையின் விரிசல் மற்றொன்றுக்குப் பரவாமல் தடுப்பது பற்றியது. அது சரியான பாடம். நான் இதில் வேறொன்றைக் கவனிக்கச் சொல்கிறேன். பயணப் பதிவு இயந்திரத்தின் லாக்கை எத்தனை முறை படித்தாலும் இந்தக் காரணம் வெளிப்பட்டிருக்காது. ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் த்ரெட் டம்ப் எடுத்து வைத்திருந்ததால், எந்தச் சேவையின் எந்தப் பூல் என்பது தெரிந்தது. அந்தப் பூலில் கடன் வாங்கிய நிரலைத் தேடிப் படித்ததால், எந்த வரி என்பது தெரிந்தது. வழி முழுவதும் கடன் கொடுத்த இடத்தை நோக்கியே போகிறது.

நோட்டு எழுதாத கடையிலும் சில சாட்சிகளைக் கூப்பிட்டு விசாரிக்கலாம். முதல் சாட்சி பூல். எத்தனை இணைப்பு வெளியே போயிருக்கிறது, எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று அது சொல்லும். இரண்டாவது சாட்சி தரவுத்தளம். போஸ்ட்கிரெஸில் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி என்ற பட்டியலைப் பார்த்தால், ஒவ்வோர் இணைப்பும் வேலையில் இருக்கிறதா, சும்மா இருக்கிறதா, அல்லது டிரான்சாக்‌ஷனைத் திறந்துவைத்துவிட்டுச் சும்மா இருக்கிறதா என்று தெரியும். கடைசியாக ஓடிய கேள்வியும், நிலை எப்போது மாறியது என்பதும் தெரியும். இவற்றில் எந்த ஒன்றையும் தனியாக நம்பக்கூடாது. பூலில் ஓய்வெடுக்கும் இணைப்பும், கசிந்து காணாமல் போன இணைப்பும் தரவுத்தளத்தின் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும்; இரண்டும் சும்மா இருக்கின்றன, அவ்வளவுதான். அதேபோல், வெளியே போன இணைப்பு உழைக்கிறதா தொலைந்ததா என்று பூலுக்குத் தெரியாது. இரண்டு கணக்குகளையும் ஒரே நிமிடத்தில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் உண்மை வெளிவரும். பத்தும் வெளியே போயிருக்கின்றன என்று பூல் சொல்கிறது, பத்தும் உழைக்கின்றன என்று தரவுத்தளமும் சொல்கிறது என்றால் அது கசிவு இல்லை. கேள்விகள் மெதுவாக ஓடுகின்றன, அல்லது ஒன்று பூட்டியதற்காக மற்றது காத்திருக்கிறது. பத்தும் வெளியே என்று பூல் சொல்ல, பத்தும் பல நிமிடமாகச் சும்மா என்று தரவுத்தளம் சொன்னால், இணைப்பை வாங்கியவர் அதை வைத்துக்கொண்டு வேறெதையோ செய்கிறார், அல்லது மறந்தே போய்விட்டார். இந்த இரண்டில் எது என்பதை மூன்றாவது சாட்சியான த்ரெட் டம்ப் முடிவு செய்யும். இணைப்பை வைத்திருக்கக்கூடிய த்ரெட் எதுவுமே டம்பில் இல்லை, ஆனாலும் இணைப்பு வெளியே இருக்கிறது என்றால், அதற்கு உரிமையாளர் எவரும் உயிரோடு இல்லை. அதுதான் உண்மையான கசிவு.

இந்த வேறுபாட்டை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம், வெளியே ஒரே மாதிரித் தெரியும் நோய்களுக்கு மருந்து வேறு வேறு என்பதுதான். டிரான்சாக்‌ஷனுக்கு நடுவில் பணம் செலுத்தும் நிறுவனத்தின் சேவையை அழைத்து, அது பதில் சொல்லும்வரை இணைப்பைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும் நிரல் எதையும் கசியவிடவில்லை. ஒவ்வொரு முறையும் ஒழுங்காகத் திருப்பித் தருகிறது, மிகத் தாமதமாகத் தருகிறது. ஸ்பிரிங் பூட்டில் ஓபன்-இன்-வியூ என்ற அமைப்பு இயல்பாகவே இயங்கும் நிலையில் வருகிறது. ஜேபிஏ பயன்படுத்தும் செயலியில் அது இணைப்பைப் பக்கம் முழுவதும் உருவாகி முடியும்வரை பிடித்து வைக்க வழிசெய்கிறது. தொடங்கும்போது அதைப் பற்றி ஓர் எச்சரிக்கையையும் எழுதுகிறது. அந்த எச்சரிக்கையைப் படிப்பவர்கள் குறைவு. இன்னொரு நோய் இதைவிட வஞ்சகமானது. ஒரே கோரிக்கை ஓர் இணைப்பைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டாவதைக் கேட்பது. வெளி டிரான்சாக்‌ஷனுக்குள் தனியாக இன்னொரு டிரான்சாக்‌ஷன் தொடங்கச் சொன்னால் இப்படி நடக்கும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் வந்து ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டால், பத்துப் பேரும் இரண்டாவதற்காக நிற்பார்கள். யாரும் முதலாவதை விடமாட்டார்கள். அப்போது டம்பில் எல்லா த்ரெட்களும் பூலின் வாசலில் நிற்கும். ஆனால் அவற்றின் ஸ்டாக்கின் கீழ்ப்பகுதியைப் பொறுமையாகப் படித்தால், ஒவ்வொன்றும் ஏற்கெனவே ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் இருப்பது தெரியும். கசிவையும் மற்ற இரண்டையும் பிரிக்க மிக எளிய சோதனை ஒன்று உண்டு: கூட்டம் ஓய்ந்த பின்னிரவு மூன்று மணிக்கு, வெளியே இருக்கும் இணைப்புகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். தாமதம்தான் நோய் என்றால் அந்த எண் அலைபோல ஏறி இறங்கிப் பூஜ்ஜியத்தைத் தொடும். கசிவு என்றால் படிக்கட்டுபோல ஏறும், இறங்காது.

கசிவு என்று உறுதியான பிறகு, நோட்டு எழுதத் தொடங்க வேண்டும். ஹிகாரிசிபியில் லீக் டிடெக்‌ஷன் த்ரெஷோல்ட் என்ற அமைப்பு உண்டு. அதில் ஒரு கால அளவைக் கொடுத்தால், இணைப்பு வெளியே போகும் ஒவ்வொரு முறையும் யார் வாங்கினார் என்ற ஸ்டாக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தக் காலத்துக்குள் திரும்பி வராவிட்டால் அதை லாக்கில் எழுதும். பார்த்தீர்களா, இங்கே வரும் ட்ரேஸ் வெறுங்கையோடு திரும்பியவருடையது இல்லை, எடுத்துப் போனவருடையது. இந்த அமைப்பின் இயல்பு மதிப்பு பூஜ்ஜியம், அதாவது வேலை செய்யாத நிலை. இதற்குச் செலவு உண்டு என்று எதிர்ப்புச் சொல்வார்கள். உண்டுதான். ஒவ்வொரு முறையும் ஸ்டாக்கைப் பிடிப்பது இலவசம் இல்லை. ஆனால் நெட்வொர்க் தாண்டிப் போய்ப் பதில் வாங்கி வரும் ஒரு கேள்வியின் செலவோடு ஒப்பிட்டால், பெரும்பாலான செயலிகளில் அது கண்ணுக்குத் தெரியாது. பொய் எச்சரிக்கை வரும் என்பது இரண்டாவது எதிர்ப்பு. அதுவும் உண்மை. ஒரு நிமிட அறிக்கையை ஓட்டும் நியாயமான நிரலையும் அது சந்தேகப்படும். ஆனால் அந்த இணைப்பு பிறகு திரும்பி வந்தால், திரும்பிவிட்டது என்றும் அது லாக்கில் எழுதுகிறது. எனவே எச்சரிக்கைகளை எண்ணாதீர்கள். எச்சரிக்கை வந்து, திரும்பியதற்கான வரி வராதவற்றை மட்டும் பொறுக்கி எடுங்கள். அந்தச் சிறு குவியலில் ஒரே ட்ரேஸ் திரும்பத் திரும்ப வந்தால், குற்றவாளியின் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டீர்கள்.

இனி, என் வாதத்துக்கு எதிராக வழக்கமாகச் சொல்லப்படுபவற்றைப் பார்ப்போம். முதலாவது, பூலைப் பெரிதாக்கினால் என்ன என்பது. முன்பு போட்ட கணக்கையே எடுங்கள். பூல் பத்தாக இருந்தபோது எட்டு இணைப்பு தொலைய 8,000 விநாடி, இரண்டேகால் மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. பூலை நூறாக்கினால் 98 தொலைய வேண்டும். 98,000 விநாடி, 27 மணி நேரத்துக்குச் சற்று மேல். பத்து மடங்கு பெரிய பூல் ஒரு நாளைத்தான் வாங்கித் தருகிறது. அந்த ஒரு நாளில் எத்தனையோ நிகழ்வுகள் நடந்து, காரணத்துக்கும் விளைவுக்கும் இடையிலான தூரம் கூடிவிடும். மறுபக்கம் தரவுத்தளத்துக்கும் வரம்பு உண்டு. போஸ்ட்கிரெஸின் இயல்பு வரம்பு 100. அதில் மூன்று நிர்வாகிக்காக ஒதுக்கியவை. எட்டு சர்வர்களில் பத்துப் பத்தாக இருந்தால் 80, அடங்கும். இருபதாக்கினால் 160, அடங்காது. இதுவரை நலமாக இருந்த மற்றச் செயலிகளும் சேர்ந்து வாசலில் நிற்கும். பூலின் அளவு உண்மையிலேயே போதாத தளங்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. லிட்டில் விதியின்படி கணக்குப் போட்டு, தேவை இருப்பை நெருங்குகிறது என்று காட்டுங்கள், கூட்டுங்கள். கணக்கில்லாமல் கூட்டுவது மருந்தில்லை, மயக்க ஊசி.

இரண்டாவது, தளம் விழுந்து கிடக்கும்போது ஆராய்ச்சிக்கு ஏது நேரம், ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்பது. இதை நான் அலட்சியமாக ஒதுக்கமாட்டேன். பயனர் காத்திருக்கிறார், அவரை எழுப்பி நிறுத்துவது முதல் கடமை. ஆனால் ஜேஸ்டாக் கட்டளையால் டம்ப் எடுப்பதற்கும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியை ஒரு கோப்பில் கொட்டுவதற்கும் ஒரு நிமிடம் போதும். இரண்டையும் ஒரே ஸ்கிரிப்டில் எழுதி, ரீஸ்டார்ட் செய்யும் கட்டளைக்கு முன்னால் சேர்த்துவிடுங்கள். நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் நினைவில் வைக்க வேண்டியதில்லை. ரீஸ்டார்ட் சாட்சிகள் எல்லோரையும் ஒரே நேரத்தில் ஊரைவிட்டு அனுப்பிவிடுகிறது. அடுத்த முறை விழும்வரை அவர்கள் திரும்பி வரமாட்டார்கள்.

மூன்றாவது எதிர்வாதம் வலிமையானது. திருப்பித் தராத இணைப்பைப் பூலே வலுக்கட்டாயமாகப் பிடுங்கிக்கொள்ளலாமே? அப்பாச்சி டிபிசிபியில் அநாதையான இணைப்புகளை மீட்கும் வசதி இருக்கிறது. அதன் இயல்புக் காலக்கெடு 300 விநாடி. சி3பி0-விலும் இதற்கு ஒரு காலக்கெடு அமைப்பு உண்டு. ஹிகாரிசிபி இந்த வழியில் போகவில்லை. அது புகார் மட்டும் எழுதும், பிடுங்காது. அதன் 30 நிமிட ஆயுள் வரம்புகூடக் கடையில் நிற்கும் சைக்கிளுக்குத்தான். வெளியே போனதை அது தொடாது. நான் ஹிகாரிசிபியின் பக்கம். ஆறு நிமிடம் நியாயமாக உழைக்கும் மாதாந்திரக் கணக்கு முடிப்பு வேலையின் கையிலிருந்து ஐந்தாவது நிமிடத்தில் இணைப்பைப் பிடுங்கினால், கசிவுப் பிழையைத் தீர்க்கப் போய்த் தரவுப் பிழையை உண்டாக்கியிருப்போம். பிடுங்கினாலும் யாரிடமிருந்து பிடுங்கினோம் என்று எழுதாவிட்டால், கசிவு காலமெல்லாம் தொடரும். முதலுதவியாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் லாக் எழுதும் அமைப்பையும் கூடவே போட்டுத்தான். தரவுத்தளத்தின் பக்கம் ஒரு காவலை மட்டும் நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். டிரான்சாக்‌ஷனைத் திறந்துவைத்துவிட்டுச் சும்மா இருக்கும் இணைப்பைக் குறித்த நேரத்துக்குப் பின் துண்டிக்கும் அமைப்பு போஸ்ட்கிரெஸ் 9.6-இலிருந்து இருக்கிறது. அப்படிப்பட்ட இணைப்பு தன் பூலை மட்டும் கெடுப்பதில்லை. எதையாவது மாற்றி எழுதியிருந்தால் அந்த டேபிள் வரிசைகளைப் பூட்டி வைத்திருக்கும், பழைய பதிப்புகளை வேக்யூம் துப்புரவு செய்யவிடாமலும் தடுக்கும். ஒரு செயலியின் மறதிக்கு ஊர் முழுவதும் வரி கட்ட வேண்டியதில்லை.

நான்காவது, இதெல்லாம் பழைய கதை, இன்றைய மொழிகள் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டன என்பது. பாதி உண்மை. 2011-இல் வந்த ஜாவா 7, ட்ரை-வித்-ரிசோர்சஸ் என்ற அமைப்பைத் தந்தது. அது திறந்த வரிசைக்கு எதிர்வரிசையில் எல்லாவற்றையும் மூடும். ஒன்றை மூடும்போது பிழை வந்தாலும் மற்றதை மூடாமல் விடாது. விமான நிறுவனத்தின் அந்த ஃபைனலியை இப்படி எழுதியிருந்தால் அந்தக் கசிவு நடந்திருக்காது. ஆனால் கசிவு இடம் மாறியிருக்கிறதே தவிர ஒழியவில்லை. ஸ்பிரிங்கில் முடிவுகளை ஸ்ட்ரீமாகத் திருப்பித் தரும் செயல்கூறுகள் உண்டு; அந்த ஸ்ட்ரீமை அழைத்தவரே மூட வேண்டும். கோ மொழியில் ரோஸ் என்ற முடிவுத் தொகுதியைக் கடைசிவரை படித்துவிட்டால் அது தானாகவே மூடிக்கொள்ளும். எனவே க்ளோஸ் எழுத மறந்த நிரலும் எல்லாச் சோதனைகளிலும் தேறிவிடும். நடுவில் ஒரு பிழைக்காகப் பாதியில் திரும்பும்போதுதான் இணைப்பு போகும். மேலும் கோ மொழியில் திறந்த இணைப்புகளுக்கு இயல்பான உச்சவரம்பு இல்லை. ஆகவே செயலி எதுவும் சொல்லாது, தரவுத்தளம்தான் இடமில்லை என்று கதவடைக்கும். நோட் உலகில் பிஜி நூலகத்தின் பூல், இயல்பாக, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கும். பிழைச் செய்திகூட வராது, பக்கம் சுழன்றுகொண்டே இருக்கும். எஸ்க்யூஎல்ஆல்கெமி, யாரும் சுட்டாத இணைப்பைக் குப்பை அள்ளும்போது மீட்டுக்கொள்ளும். நல்ல காரியம்தான், ஆனால் அது கசிவைப் பல மாதம் மறைத்து வைத்து, யாரோ அந்தப் பொருளை ஒரு பட்டியலில் சேமித்து வைக்கும் நாளில் வெளிக்காட்டும். இவை அனைத்திலும் ஒரே சாயல் இருப்பதைக் கவனியுங்கள். வெற்றிப் பாதையில் கசிவு இல்லை. தோல்விப் பாதையில்தான் இருக்கிறது. நம் சோதனைகளோ பெரும்பாலும் வெற்றிப் பாதையில் நடக்கின்றன.

எனவே சோதனையின் முறையை மாற்ற வேண்டும். ஒருங்கிணைப்புச் சோதனைகளை ஓட்டும்போது பூலின் அளவை ஒன்றாக்குங்கள். பத்து வேண்டாம், இரண்டு வேண்டாம், ஒன்று. காத்திருக்கும் காலத்தையும் 30 விநாடியிலிருந்து ஓரிரு விநாடியாகக் குறையுங்கள். ஒரு சோதனை ஓர் இணைப்பைக் கசியவிட்டால் அடுத்த சோதனையே விழும். ஒரு லட்சம் கோரிக்கைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே கோரிக்கையில் இரண்டு இணைப்பு கேட்கும் நிரலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு சோதனையின் முடிவிலும் வெளியே இருக்கும் இணைப்பு பூஜ்ஜியமா என்று சரிபார்த்தால், விழுந்தது யாருடைய சோதனை, கசியவிட்டது யாருடைய சோதனை என்ற குழப்பமும் தீரும். பிறகு தோல்வியை வலிந்து உண்டாக்குங்கள். கேள்வி ஓடிக்கொண்டிருக்கும்போதே பிஜி_டெர்மினேட்_பேக்கெண்ட் அழைத்து அந்த இணைப்பைத் துண்டியுங்கள். நிரல் பிழையோடு திரும்புவது சரி. பூலின் கணக்கும் சரியாகத் திரும்புகிறதா என்பதே கேள்வி. அந்த விமான நிறுவனத்தின் நிரல் இந்த ஒரு சோதனையில் முதல் நாளே விழுந்திருக்கும்.

நாளை காலை அலுவலகம் போனதும் உங்களிடம் இரண்டு வேலைகளைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பூலின் கசிவுக் கண்காணிப்பு அமைப்பு என்ன மதிப்பில் இருக்கிறது என்று பாருங்கள். பூஜ்ஜியமாக இருந்தால், உங்கள் மிக நீண்ட நியாயமான கேள்வியைவிடச் சற்றுக் கூடுதலான மதிப்பைக் கொடுங்கள். நேற்றிரவு மூன்று மணிக்கு எத்தனை இணைப்பு வெளியே இருந்தது என்ற எண்ணையும் எடுத்துப் பாருங்கள். அந்த எண்ணை எங்கேயும் சேமிக்கவில்லை என்று தெரியவந்தால், இன்றிரவிலிருந்து சேமிக்கத் தொடங்குங்கள்.